பீன் பை: சிகாகோ தெற்குப் பக்கத்து இனிப்பு ஒண்ணோட நீளமான ரிவ்யூ

பீன்ஸ்ல இனிப்பான்னு முகம் சுளிக்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. கடலப்பருப்ப வேகவச்சு வெல்லம் போட்டு மசிச்சு போளிக்குள்ள வைக்கற ஆளுங்க நாம, நமக்கெல்லாம் இது அதிர்ச்சியே ஆகக் கூடாது. பீன் பைங்கறது அமெரிக்காவுல கறுப்பின முஸ்லிம்கள் செஞ்சு விக்கற பண்டம். நேவி பீன்ஸ்னு ஒரு சின்ன வெள்ளை பீன்ஸ் இருக்கு, அத குழைய வேகவச்சு மைய அரைச்சு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பால், பட்டை, ஜாதிக்காய் எல்லாம் சேத்து, மாவுத் தட்டுக்குள்ள ஊத்தி ஓவன்ல வச்சு எடுக்கறாங்க. ரெசிபி அவ்ளோதான். ஆனா இந்த ஊருக்கு வந்து இத வாங்கி சாப்பிட ஆரம்பிச்சு, இது ஏன் இங்க கறுப்பர் வீடுகள்ல வழக்கமா செய்யற மாதிரி சக்கரவள்ளிக் கிழங்குல செய்யாம பீன்ஸ்ல செய்றாங்கன்னு ஒரு கேள்வி கேக்கப் போய், பதில் எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. அதான் ரிவ்யூ நீளம். டேஸ்ட் மட்டும் போதும்னா அடுத்த ரெண்டு பாராவோட கிளம்பிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

நல்ல பீன் பை எப்படி இருக்கும்னா, மேல் தோல் பழுப்பேறி அங்கங்க லேசா வெடிச்சிருக்கும், நடுவுல கொஞ்சம் அமுங்கி இருக்கும், கத்தி வச்சா ஒட்டாம சுத்தமா இறங்கும். உள்ள கெட்டியும் இல்லாம கூழும் இல்லாம ஒரு பதம். வாயில வச்சதும் முதல்ல வர்றது பட்டையும் ஜாதிக்காயும், அப்புறம் வெண்ணெய், கடைசியில முழுங்கறப்ப தான் ஒரு மெல்லிசான மாவு வாசம், அங்க தான் பீன்ஸ் இருக்கறதே தெரியும். ஆபீஸ்ல என்னன்னு சொல்லாம வெட்டி வச்சேன், ஒருத்தர் பூசணின்னார், இன்னொருத்தர் தேங்காய்னு சத்தியமே பண்ணார். அடித்தட்டு கோதுமை மாவுல செஞ்சிருந்தா இன்னும் விசேஷம், கொஞ்சம் சொரசொரப்பா, கடிக்கறப்ப நின்னு பேசும். இந்தத் தட்டுல பன்னிக் கொழுப்பு கிடையாது, இத ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வர்றேன்.

மோசமானதும் இருக்கு. ஒரு சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல கிடைச்சது (பேரு வேணாம், இது கடைக்கு ரிவ்யூ இல்ல, பண்டத்துக்கு), பீன்ஸ் தோலே எடுக்காம அரைச்சிருக்காங்க, நாக்குல திப்பி திப்பியா, பச்சை வாசம் மறைக்க வெனிலா எசென்ஸ கொட்டி, அடியில மாவு ஊறிப் போய் ஈரத் துணி மாதிரி. அதுக்கு அஞ்சுக்கு ஒண்ணு. சிக்னல்ல வாங்கினதுக்கு அஞ்சுக்கு நாலரை, அரை குறைச்சது இனிப்பு கூட இருந்ததால.

சிக்னல்ல வாங்கினதுன்னு சொன்னேன்ல, அதுவும் இந்த பண்டத்தோட ஒரு பகுதி தான். தெற்குப் பக்கம் பெரிய சந்திப்புகள்ல சூட்டு போட்டு போ டை கட்டின ஆம்பளைங்க நிப்பாங்க, வெயில் குளிர் எதுவும் கணக்கில்ல, ஒரு கையில பேப்பர் கட்டு, இன்னொரு கையில பை டப்பா. நேஷன் ஆஃப் இஸ்லாம்ங்கற கறுப்பின முஸ்லிம் அமைப்புக்காரங்க. சிவப்பு விழுந்ததும் காருக்கு நடுவுல நடந்து வருவாங்க. கண்ணாடிய இறக்கினா “ஹவ் ஆர் யூ, சிஸ்டர்”னு ஒரு மரியாதையான குரல், பேப்பர நீட்டுவாங்க, பைய நீட்டுவாங்க, பச்சை விழறதுக்குள்ள சில்லறை கைமாறிடும். உள்ளங்கை அளவு சின்ன பை, ஒரு காபி காசு தான் ஆகும். சூடா இருக்காது, ஆனா அன்னிக்குப் போட்டதா இருக்கும். பேரம், கெஞ்சல் எதுவும் கிடையாது. வித்துட்டு சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு மறுபடி ஓரமா நேரா நிப்பாங்க. நான் இந்த ஊர்ல வாங்கின சர்வீஸ்லயே இது தான் பெஸ்ட்னு சொல்லுவேன்.

இப்ப கேள்விக்கு வர்றேன். எங்க பில்டிங்ல மாடி வீட்டம்மா ஒருத்தங்க, எண்பது தாண்டியாச்சு, மிசிசிப்பில பொறந்து சின்னப் பொண்ணா சிகாகோ வந்தவங்க, ஞாயித்துக்கிழமை தவறாம தொப்பி வச்சுக்கிட்டு பாப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்கு ஒரு பீன் பை கொண்டு போய் குடுத்தேன். வாங்கி மேஜை மேல வச்சுட்டு அத ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. “பேபி, இது எங்க அண்ணனோட பை”ன்னாங்க.

அண்ணன் அறுபதுகள்ல நேஷன்ல சேந்துட்டாராம். கடைசிப் பேர அடிமைப் பேருன்னு எடுத்துட்டு எக்ஸ்னு வச்சுக்கிட்டார், குடி சிகரெட் எல்லாம் ஒரே நாள்ல நின்னுடுச்சு, அதுக்கு அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாங்களாம், எந்தக் கடவுளுக்குன்னு தான் குழப்பம். ஆனா அந்த வருஷம் தாங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வந்தவர் மேஜையில இருந்த எதையும் தொடல. ஹாம் வேணாம், காலர்ட் கீரை வேணாம், காராமணி வேணாம், கார்ன் பிரெட் வேணாம், கடைசியா அம்மாவோட சக்கரவள்ளிக் கிழங்கு பை, அதையும் வேணாம்னுட்டார். இதெல்லாம் அடிமைச் சாப்பாடுன்னு ஒரு பிரசங்கம் வேற. அப்பா எழுந்து போயிட்டார். அம்மா ஒண்ணும் பேசல. அடுத்த மாசம் அவர் வந்தப்ப அம்மா ஒரு பை செஞ்சு வச்சிருந்தாங்க. “அதே தட்டு, அதே ஜாதிக்காய், அதே கை. கிழங்க எடுத்துட்டு பீன்ஸ் போட்டிருந்தாங்க அம்மா, அவ்ளோதான். அவன் ரெண்டு துண்டு சாப்பிட்டான். அப்புறம் அதோட வித்தியாசம் என்னன்னு எங்க யாருக்கும் தெரியல.”

இந்தக் கடைசி வரிய நான் வேணும்னே சோதிச்சுப் பாத்தேன், ரெண்டு பையும் பக்கத்து பக்கத்துல வச்சு. கண்ண மூடிட்டு சாப்பிட்டா நிஜமாவே அண்ணன் தம்பி தான். கிழங்கு பை கொஞ்சம் ஈரப்பதமா, மண் வாசனையா இருக்கு. பீன் பை கொஞ்சம் வழவழப்பா, அடர்த்தியா. மசாலா ஒண்ணே தான். அதான் எனக்கு பிடிபடாம இருந்தது. பாட்டன் பூட்டன் சாப்பாட்ட மொத்தமா தூக்கி எறியறேன்னு கிளம்பின ஒரு இயக்கம், அதோட அடையாளப் பண்டமா பாட்டி செஞ்ச பைய தானே கையில எடுத்துட்டு சிக்னல்ல நிக்குது?

இந்தச் சாப்பாட்டுத் தடைய போட்டவர் எலைஜா முகமது. பொறந்தப்ப பேரு எலைஜா பூல், 1897ல, ஜார்ஜியா மாகாணத்துல சாண்டர்ஸ்வில் பக்கம், அப்பா பாப்டிஸ்ட் பிரசங்கியார். பிரசங்கியார் மகன்ங்கறத கவனிங்க. கறுப்பர்கள வெள்ளைக் கும்பல் அடிச்சு மரத்துல தொங்கவிட்டுட்டு மறுநாள் சர்ச்சுக்குப் போற ஊர்ல, அதே பைபிள தன் அப்பா வாயால கேட்டு வளந்த பையன். 1923ல குடும்பத்தோட டெட்ராய்ட்டுக்குப் போறார், 1910க்கும் 1970க்கும் நடுவுல அமெரிக்காவோட தெற்கு மாகாணங்கள விட்டு வடக்கயும் மேற்கயும் பாத்துக் கிளம்பின சுமார் 60 லட்சம் கறுப்பர்கள்ல ஒருத்தரா. 1930ல அங்க ஃபார்ட்னு ஒருத்தர் துணி வித்துக்கிட்டே வீடு வீடா வந்து, உங்க மதம் கிறிஸ்தவம் இல்ல, அது உங்கள பிடிச்சு வித்தவன் குடுத்தது, உங்க மதம் இஸ்லாம், உங்க பேரு உங்க பேரே இல்லன்னு சொல்ல ஆரம்பிக்கறார். அவர் பேச்சு முதல்ல ஆரம்பிச்சதே சாப்பாட்டுல தான்னு சொல்லுவாங்க. வீட்டுல போடறத சாப்பிட்டுட்டு, அப்புறம் மெதுவா, இத சாப்பிடாதீங்க, இது உங்களுக்கு வியாதி குடுக்கும்னு. அவர் காணாமப் போனப்புறம் நேஷனோட தலைமைய எடுத்தவர் தான் எலைஜா.

1967ல எலைஜா சாப்பாட்டுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார். அத படிச்சா நம்ம வீட்டுப் பெருசுங்க பத்தியம் சொல்றது தோத்துடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை தான் சாப்பாடு. பன்னி கண்ணாலயும் பாக்கக் கூடாது. சக்கரவள்ளிக் கிழங்கு கூடாது, காராமணி கூடாது, லீமா பீன்ஸ் கூடாது, பீன்ஸ் வகையில நேவி பீன்ஸ் மட்டும் தான் ஓகே. நேவி பீன்ஸ் சாப்பிட்டா 140 வருஷம் இருக்கலாம், கிறிஸ்தவன் மேஜையில வச்சதெல்லாம் சாப்பிட்டா அதுல பாதி கூட தாண்ட மாட்டோம்ங்கற மாதிரி ஒரு இடம் வரும். பாவம் அவரே 1975ல 77 வயசுல போயிட்டார். இதுல இன்னொரு கூத்து, வெள்ளை மாவும் வெள்ளைச் சர்க்கரையும் கூட அவருக்குப் பிடிக்காத சமாச்சாரம், ஆனா அவர் பேர சொல்லி விக்கற பண்டம் ஒரு சர்க்கரை பை. கோதுமைத் தட்டும் பழுப்புச் சர்க்கரையும் போடற பேக்கரிக்காரங்க இன்னும் அவர் சொல்ல காப்பாத்தறாங்கன்னு வச்சுக்கலாம். அதனால தான் சொல்றேன், டப்பாவுல கோதுமை மாவுன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, டேஸ்டும் அதுல தான்.

கிழங்கையும் காராமணியையும் தடை பண்ணதுல மருத்துவ ரீதியா ஒரு நியாயமும் இல்ல, ரெண்டும் நல்ல சாப்பாடு, காராமணி ஆப்பிரிக்காவுலருந்தே வந்தது. ஆனா பன்னிக் கதை வேற. அடிமைகளுக்கு அளந்து போட்ட ரேஷன் என்னன்னு, தானே அடிமையா இருந்து தப்பிச்சு வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845ல எழுதி வச்சிருக்கார், ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு எட்டு பவுண்டு பன்னிக்கறி இல்லன்னா அதுக்கு ஈடா மீன், ஒரு புஷல் சோளமாவு. அதுல தான் உயிர ஓட்டணும். தெற்கு மாகாணத்து பைத் தட்டுல போட்டு பிசையறதும் அதே பன்னியோட கொழுப்பு தான். அத எடுத்துட்டு வெண்ணெய் போட்டு பிசையறதுங்கறது அந்த ரேஷன் கடை சீட்ட கிழிச்சுப் போடற மாதிரி அவங்களுக்கு.

அதே டக்ளஸ் இன்னொண்ணும் சொல்றார். அவரோட எஜமான் தாமஸ் ஆல்டு 1832ல ஒரு மெதடிஸ்ட் கூட்டத்துல போய் பக்திமான் ஆயிட்டார், ஆள் இனி இளகுவார், அடிமைகள விட்டாலும் விட்டுருவார்னு டக்ளஸ் நம்பிக்கையா இருந்தா, ஆளு முன்னவிட கொடூரமா ஆயிட்டாராம். கை ஊனமான ஒரு பொண்ண கட்டி வச்சு அடிச்சுக்கிட்டே, எஜமான் சித்தம் தெரிஞ்சும் செய்யாத வேலைக்காரன் அதிக அடி வாங்குவான்ங்கற வசனத்த சொல்லுவாராம். லூக்கால வர்ற வசனம், நம்ம ஊர் சர்ச்சுலயும் படிக்கறது தான். சட்டமும் கூட நின்னுச்சு. 1667லயே வர்ஜீனியாவுல ஞானஸ்நானம் வாங்கினாலும் அடிமை அடிமை தான்னு எழுதிட்டாங்க, இல்லன்னா சக கிறிஸ்தவன எப்படி விக்கறதுன்னு யாராவது கேட்டுத் தொலைப்பாங்களே.

சர்க்கரை விஷயத்துக்கும் ஒரு பைபிள் இருக்கு. கரும்புத் தோட்டம் முழுக்க அடிமைகள் இருந்த பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் தீவுகளுக்குன்னே 1807ல லண்டன்ல ஒரு பைபிள் அச்சடிச்சாங்க. புராட்டஸ்டண்ட் பைபிள்ல 1189 அதிகாரம், இதுல இருந்தது 232. எதெத வெட்டினாங்கன்னு பாத்தா சிரிப்பா வரும், கோபமும் வரும். மோசே ஜனங்கள எகிப்துலருந்து கூட்டிட்டு வர்ற கதை இல்ல. யோசேப்ப சகோதரங்க வித்த கதை, அவன் எசமானுக்கு உண்மையா உழைச்சு முன்னேறுற கதை, அது பத்திரமா இருக்கு. வேலைக்காரங்களே எஜமானுக்குக் கீழ்ப்படிங்கங்கற பவுல் வசனம் பத்திரமா இருக்கு. இப்படி ஒரு புக்க கையில குடுத்துட்டுப் போனவனோட மதத்த, நூத்தி சொச்ச வருஷம் கழிச்சு பேரப்பசங்க ஏன்டா நாம சுமக்கறோம்னு கேக்கறதுல என்ன தப்பு இருக்கு. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இத அப்படியே போய் மாடி வீட்டம்மாகிட்ட சொன்னேன், கொஞ்சம் ஆர்வக் கோளாறுல. தொப்பிய எடுத்து பெட்டியில வச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. “எங்க பாட்டி அந்த மதத்த வெள்ளக்காரன் கிட்ட வாங்கல பேபி, மோசே கிட்ட வாங்கினா”ன்னாங்க. அப்புறம், “எங்க சர்ச்சு அவன் மதம்னா, பர்மிங்ஹாம்ல எதுக்கு குண்டு வச்சான்?” 1963 செப்டம்பர் 15, அலபாமா மாகாணத்துல கறுப்பர்களோட பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சு, வெள்ளை வெறியங்க வச்ச குண்டுல ஞாயித்துக்கிழமை காலையில நாலு பொண்ணுங்க செத்தாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச. மோசேய வெட்டிட்டு பைபிள் அச்சடிச்சாலும் ஆளுங்க ராத்திரி காட்டுக்குள்ள கூடி மோசே பாட்டத்தான் பாடினாங்க, அடிமைகள ரகசியமா தப்பிக்க வச்ச ஹாரியட் டப்மனுக்கு மோசேன்னே பேரு. 1831ல கலகம் பண்ண நேட் டர்னர் ஒரு பிரசங்கியார், அதுக்கப்புறம் வர்ஜீனியாவுல கறுப்பர் பிரசங்கம் பண்றதையே சட்டம் போட்டு தடுத்தாங்க. எஜமான் குடுத்த புக்கு எஜமானுக்கே பயமா ஆயிடுச்சு. இன்னிக்கும் அமெரிக்க கறுப்பர்கள்ல பெரும்பாலானவங்க அந்த சர்ச்சுப் பக்கம் தான், முஸ்லிம்கள் ரொம்பக் கம்மி.

சரி, அப்ப இஸ்லாம் தான் எங்க ஒரிஜினல் மதம்னு எலைஜா சொன்னது ரீலான்னா, அதுவும் முழுசா ரீல் இல்ல. மேற்கு ஆப்பிரிக்காவுலருந்து கப்பல்ல ஏத்தினவங்கள்ல முஸ்லிம்கள் கணிசமா இருந்தாங்க. ஒமர் இப்னு சயீத்னு ஒருத்தர், இப்ப செனகல் இருக்கற பக்கத்துல படிச்சு வளந்த ஆளு, 1807ல சார்ல்ஸ்டன்ல கொண்டு வந்து வித்தாங்க, அப்புறம் நார்த் கரோலினாவுலயே காலம் முடிஞ்சுது. 1831ல அரபில தன் கதைய எழுதினார். அப்ப அவர் சர்ச்சுல சேந்து வருஷக்கணக்காச்சு, ஆனா கதைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன எழுதறார்னா குர்ஆன்லருந்து முல்க் சூரா. எல்லா ஆட்சியும் இறைவன் கையிலன்னு வர்ற சூரா, ஒரு அடிமை எழுதறான். எஜமானுக்கு அரபி தெரியாதுங்கற தைரியமா, பழக்க தோஷமா, யாருக்குத் தெரியும். ஜார்ஜியா கடலோரம் சப்பலோ தீவுல பிலாலி முகமதுன்னு இன்னொருத்தர், அவரும் அரபில ஒரு சின்ன கையெழுத்துப் பிரதி விட்டுட்டுப் போயிருக்கார்.

பை ரிவ்யூவுக்கு இதுல என்ன வேலைன்னா, அந்த பிலாலியோட வம்சத்தவங்க 1930கள்ல கதை சேகரிக்க வந்தவங்ககிட்ட தங்க பாட்டிமார் செஞ்ச ஒரு பண்டத்த பத்தி சொல்லியிருக்காங்க. அரிசிய ராத்திரி ஊற வச்சு, காலையில மர உரல்ல போட்டு இடிச்சு, தேனோ சர்க்கரையோ சேத்து, கையால தட்டையா தட்டி, குழந்தைங்களுக்குக் குடுப்பாங்களாம். பேரு சரகா. சதகா குடுக்கறதுன்னு தமிழ் முஸ்லிம் வீடுகள்ல சொல்லுவாங்கல்ல, அதே தான். அந்தப் பேரப்பசங்க அப்பவே கிறிஸ்தவங்க. தொழுகை போச்சு, அரபி போச்சு, பேரு போச்சு, பாட்டி கையில ஒரு இனிப்பு மட்டும் நின்னுச்சு. இத படிச்சப்புறம் தான் அந்தத் தாங்க்ஸ்கிவிங் கதை எனக்கு ஒழுங்கா புரிஞ்சுது. அந்தம்மாவும் அதே தான் பண்ணியிருக்காங்க, எதிர்த் திசையில. மகன் மதம் மாறிட்டான், பேரு மாத்திட்டான், சரி மாத்திக்கட்டும், என் கைய மாத்த முடியுமா பாக்கறேன்னு. எஜமான் குடுத்த மதமா பாட்டி குடுத்த மதமான்னு ஆம்பளைங்க மேடை போட்டு கத்திக்கிட்டு இருந்தப்ப சமையல்கட்டுல ரெண்டையும் ஒரே தட்டுல ஊத்தி வேகவச்சிருக்காங்க.

நேஷன் ஆஃப் இஸ்லாம் சொல்ற மத்த சங்கதியெல்லாம் எனக்கு ஏத்துக்க முடியாது, அதையும் சொல்லிடறேன். யாகூப்னு ஒரு விஞ்ஞானி வெள்ளைக்காரங்கள உருவாக்கினான், அவங்க பிறவியிலயே பேய்கள்ங்கற கதை, மத்த முஸ்லிம்களே இது இஸ்லாம் இல்லன்னு தள்ளி வச்ச சமாச்சாரம். எலைஜாவுக்கு அப்புறம் நேஷன் தலைமைக்கு வந்த ஃபராகான் யூதர்கள பத்தி பேசின பேச்சு வெறுப்புப் பேச்சு தான், அதுக்கு சப்பைக்கட்டு கட்ட நான் வரல. நேஷனோட பேர் பெத்த பேச்சாளர் மால்கம் எக்ஸே, அவர் அப்பாவும் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியார் தான், 1964ல வெளிய வந்து மெக்காவுக்குப் போயிட்டு வேற ஆளா திரும்பினார், அடுத்த வருஷமே சுட்டுக் கொன்னுட்டாங்க. எலைஜா செத்தப்புறம் அவர் மகன் வாரித் தீன் முகமது பெரும்பாலான ஆளுங்கள சாதாரண சுன்னி வழிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார், ஃபராகான் பழைய கடைய 70கள் கடைசியில மறுபடி திறந்தார். அதனால இன்னிக்கு பீன் பை போடற பேக்கரிக்காரங்கள்ல ரெண்டு பக்கமும் இருக்காங்க, சிக்னல்ல போ டையோட நிக்கறவங்க நேஷன்காரங்க. உங்க காசு எங்க போகுதுன்னு யோசிக்கற ஆளா இருந்தா சுன்னி முஸ்லிம்கள் நடத்தற பேக்கரிகள்ல வாங்குங்க, பண்டம் அதே பண்டம்.

ஸ்டோனி ஐலண்ட் அவென்யூல அவங்களோட பெரிய மசூதி இருக்கு, மஸ்ஜித் மரியம். தூரத்துலருந்தே கும்மட்டம் தெரியும். அது முன்ன கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சர்ச்சு, 1972ல வாங்கினாங்க. சர்ச்சையே வாங்கி மசூதி ஆக்கி அதுக்கு மரியம்னு பேரு, ஏசுவோட அம்மா பேரு. பக்கத்துல போனா நின்னு பாருங்க, கட்டடம் அழகு.

நேஷன்ல இருந்த குத்துச்சண்டை வீரர் முகமது அலி பத்தி சொல்லாம விட்டா அடிப்பாங்க. அவர் அம்மா பாப்டிஸ்ட், வச்ச பேரு கேஷியஸ் கிளே, ஒரு வெள்ளைக்காரரோட பேரு, அடிமை முறைய எதிர்த்தவர் தான் அந்த கிளே, இருந்தாலும் 1964ல அத அடிமைப் பேருன்னு தூக்கிப் போட்டார். அவருக்கு பீன் பைன்னா உசுரு. அவரோட சமையல்காரம்மா லானா ஷபாஸ் போடற பை அந்தக் காலத்துல பேமஸ். குத்துச்சண்டை வீரனுக்கு இவ்ளோ வெண்ணெய் ஆகுமான்னு டிரெய்னர் தலையில அடிச்சுக்கிட்டிருப்பார்னு நினைக்கறேன்.

வீட்டுலயே செய்யணும்னு ஆசைப்படறவங்களுக்கு: நம்ம ஊர் மளிகைக் கடையில நேவி பீன்ஸ் தேடாதீங்க, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்ல டப்பாவுலயும் இருக்கும், காஞ்சதும் இருக்கும். காஞ்சது தான் நல்லது. ராத்திரி ஊறப் போட்டு குக்கர்ல குழைய விட்டு, சல்லடையில போட்டு கரண்டியால தேய்ச்சு தோல எடுத்துடுங்க, இந்த ஒரு வேலைக்கு சோம்பேறித்தனப்பட்டா மேல சொன்ன ஃப்ரீசர் பை தான் வரும். ஜாதிக்காய முழுசா வாங்கி துருவிப் போடுங்க, பொடி டப்பா வேணாம். ஏலக்காய் போடலாமேன்னு கை பரபரக்கும், போட்டுப் பாத்தேன், நல்லா தான் இருக்கு, ஆனா அது பீன் பை இல்ல, வேற ஏதோ.

முட்டை உண்டு, அதனால முட்டை சாப்பிடாதவங்களுக்கு ஆகாது. முட்டை பரவாயில்ல ஆனா பன்னிக் கொழுப்பு கலந்திருக்குமோன்னு தெற்கத்தி பைங்கள தொடாம இருக்கறவங்களுக்கு, இது கண்ண மூடிட்டு வாங்கலாம். ஐஸ்கிரீம் வச்சுத் தருவாங்க சில கடையில, வேணாம்னு சொல்லிடுங்க, ஜாதிக்காய் அமுங்கிடும். பெரிய பை வாங்கினா ராத்திரி ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள் வெட்டுங்க, பதம் இன்னும் கூடியிருக்கும். ரமலான் மாசத்துல சாயங்காலம் போய் நின்னா காலி டப்பா தான், காலையிலயே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிடுங்க.